பஞ்சுவின் இடது காது

ஜனவரி 11, சனி

மரண அறிவித்தல். இடது காதின் பின்புறத்தைப் பிறப்பிடமாகவும் கழுத்து மடிப்பை வதிவிடமாகவும் கொண்டிருந்த திருவாளர் சிக்கு அவர்கள், இன்று காலை 7.40 மணியளவில், அக்காவின் சீப்பு நுனியில், ஒரு மயிர்கூட அறாமல் அமைதியாகக் காலமானார். அன்னாருக்கு வயது மூன்று நாள். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், தெள்ளுப்பூச்சிகள் (இருந்தால்) அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: ஜெபசீலன், உடுவில்.

சிக்கு குடியிருந்த காணியின் பெயர் பஞ்சு. எங்கள் நாய். மோல்டீஸ் இனம், முழு வெள்ளை, மூன்று கிலோ. கனடாவுக்குப் போக முதல் சித்தி வெள்ளவத்தையிலிருந்து பரம்பரைப் பத்திரத்தோடு அனுப்பிவைத்தது. அதன் பத்திரத்தில் பூட்டன் பூட்டி பெயரெல்லாம் உண்டு. எனக்கு அப்பாவின் அப்பா பெயருக்கு மேலே ஒன்றும் தெரியாது.

ஜெயந்தினி அக்கா இரண்டு வருடமாகப் பஞ்சுவின் முடியை வளர்க்கிறாள். இப்போது இரண்டு பக்கமும் தரையைத் தொடுகிறது. நடந்தால் கால் தெரியாது; யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல் போகும். அடுத்த மாதம் 15ஆம் திகதி கொழும்புச் சங்கம் ஒன்று யாழ்ப்பாணத்தில் நாய்க் கண்காட்சி வைக்கிறது. பஞ்சு போகிறது. அக்கா பிடிக்கிறாள். நான் தலைமை ஆலோசகர். (யாரும் நியமிக்கவில்லை.)

ஜனவரி 13, திங்கள்

அம்மா கேட்டா: "உந்த நாய்க்குச் சீப்பாலை இழுக்கிற நேரத்திலை உன்ரை தலையை ஒருக்கா இழுத்தால் என்ன?" என்னைத்தான். அக்காவை அல்ல.

ஜனவரி 18, சனி

இன்று முழுக்கு. இதை எழுதாமல் விடக்கூடாது.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர். கேத்தலுக்குள் பார்த்தால் சுண்ணாம்பு தட்டுத் தட்டாகப் படிந்திருக்கும். அதால் முழுகினால் பஞ்சுவின் முடி தும்புத்தடி மாதிரி ஆகிவிடுமாம். அதனால் மாரியில் அக்கா கூரைப் பீலிக்குக் கீழே பீப்பா வைத்து மழைத் தண்ணீர் பிடித்து, சீலைத் துணியால் வடித்து, மூடி வைத்திருக்கிறாள். கடைசி அலசலுக்கு மட்டும் அது. நான் ஒரு கோப்பை எடுத்து முகம் கழுவப் போக, பஞ்சுவே என்னைப் பார்த்துக் குரைத்தது.

சவர்க்காரத் தண்ணீரை முடியில் தேய்ப்பதில்லை. மேலிருந்து கீழே வழித்துவிட வேண்டும். தேய்த்தால் சிக்கு. துவாயால் துடைப்பதுமில்லை, ஒற்ற வேண்டும். துடைத்தால் சிக்கு. காய்ந்த முடியில் சீப்பு வைக்கக்கூடாது. தண்ணீர் தூவித்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அறும். பிறகு மேசையில் கிடத்தி, ஒரு விரல் தடிப்புக்கு ஒவ்வொரு அடுக்காக எடுத்து, சூடு காட்டிக் காய வைப்பது. ஒன்றரை மணித்தியாலம். நான் கவனித்தேன், அந்த ஒன்றரை மணித்தியாலமும் அக்கா ஒரு முறைகூட பெருமூச்சு விடவில்லை. நான் கணக்குச் செய்யும்போது நிமிடத்துக்கு நாலு விடுவேன்.

கடைசியில் உச்சி பிரிப்பது. நீளக் கம்பிச் சீப்பின் வாலால் மூக்குநுனியிலிருந்து வால் அடிவரைக்கும் ஒரே இழுவை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். உண்மையாகவே வைத்துப் பார்த்தேன். நேர்கோடு.

அந்த நேரம் மிருக வைத்தியர் பஞ்சலிங்கம் டொக்டர் தடுப்பூசி போட வந்தார். அக்கா அவரைக் காணாமல், "பஞ்சு! இரு! அசையாதை!" என்று ஒரு சத்தம் வைத்தாள். டொக்டர் சடாரென்று கதிரையில் இருந்துவிட்டார். பஞ்சு நின்றது.

சிரித்து முடிய அவர் முடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பிள்ளை, என்ரை கிளினிக்கின்ரை முன்னறை சும்மாதான் கிடக்கு. நாயளுக்குத் தலை இழுக்கிற இடம் ஒண்டு அதிலை நீர் நடத்தலாம். ஆனா சனம் முதலிலை உம்மடை வேலையைக் காணவேணும். 15ஆந் திகதி நல்லபடி நடக்கட்டும், அறைத் திறப்பைக் கையிலை தாறன்."

அக்காவின் காது சிவந்ததைக் கண்டேன்.

ஜனவரி 22, புதன்

தாள் சுற்றும் வித்தை பழகிவிட்டேன். நீள முடி தரையில் உரசினால் நுனி உடையும் என்பதால் கண்காட்சிவரை அதைச் சுருட்டி மூடி வைப்பார்கள். ஒரு பிடி முடி எடுத்து, மூன்று விரல் அகலத் தாளுக்குள் வைத்து, நீளவாட்டில் மடித்து, பிறகு மேல்நோக்கி மடித்து மடித்து, ஒரு சின்ன லாஸ்டிக். அப்படிப் பதினெட்டுப் பொட்டலம். காதில் சுற்றும்போது காதுத்தோல் பொட்டலத்துக்குள் அகப்படாமல் சீப்பை இடையில் விட்டுப் பார்க்க வேண்டும். இறுகினால் காது செத்துவிடும். சுற்றி முடித்த பஞ்சு, கச்சான் கடலைக்காரன் தட்டு மாதிரி இருக்கும்.

இன்று நான் சுற்றியதில் பத்துக்கு ஒன்பதை அக்கா அவிழ்க்கவில்லை. பத்துக்கு ஒன்பது! எந்தப் பாடத்திலும் இந்தப் புள்ளி வந்ததில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

கோவிலால் வந்து சாப்பிடும்போது அப்பா மெதுவாகத் தொடங்கினார். கொழும்பில் காப்புறுதிக் கந்தோரில் வேலை பார்க்கும் பேதுரு மாமா அக்காவுக்கும் அங்கே ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறாராம்.

"அப்பா, 15ஆந் திகதி மட்டும் பொறுங்கோ."

"பொறுக்கிறன் பிள்ளை. ஆனா அதுக்குப் பிறகும் நாயும் சீப்புமாத் திரியிறது சரிவராது. டொக்டர் அறை தந்தால் இரு. இல்லாட்டி மார்ச்சிலை கொழும்புக்கு."

அக்கா "ஓம்" என்றாள். இரண்டாம் தரம் சோறு போடவில்லை. அக்கா கொழும்புக்குப் போனால் எனக்கு அலுமாரியில் ஒரு தட்டு கூடுதலாகக் கிடைக்கும். வேண்டாம்.

பெப்ரவரி 1, சனி

ஐயோ.

ஒழுங்காக எழுதுகிறேன். காலை அக்கா நல்லூருக்கு ஒரு கலியாணப் பொம்பிளையை உடுத்திவிடப் போனாள்; பின்னேரம்தான் வருவாள். போகும்போது, "சீலன், சுத்துற தாள் முடிஞ்சுது. டவுனுக்குப் போய் கேக்குத் தட்டுக்குப் போடுற எண்ணெய்த் தாள் வெள்ளையா வாங்கி, மத்தியானம் பஞ்சுவுக்கு மாத்திச் சுத்திவிடு. உன்னை நம்பித்தான் போறன்" என்றாள்.

டவுனுக்குப் போகும் வழியில் தோட்டவெளி. தோட்டவெளியில் பட்டம். நாலு பட்டத்தில் கட்டிய விண்நார் காற்றில் கூவுகிறது. நான் என்ன செய்ய? கொஞ்சம் நின்றேன். கொஞ்சம் இரண்டரை மணித்தியாலமானது. சனி என்பதால் கடை அரைநாளோடு பூட்டிவிட்டது.

வீட்டில் என் எட்டுமூலைப் பட்டத்துக்கு வாங்கிய மெல்லிய தாள் கிடந்தது. வெள்ளை எட்டுத் துண்டுதான் தேறியது. மிச்சத்துக்குச் சிவப்பு. தாள் தாள்தானே? அதோடு வெள்ளை நாயில் சிவப்புப் பொட்டலம் தேர்ச்சீலை மாதிரி வடிவாக இருந்தது. அக்கா வந்து கண்டால் ஒரு குழறல் குழறுவாள், நான் விழுந்து விழுந்து சிரிப்பேன், பிறகு மாற்றலாம். அதுதான் திட்டம்.

அம்மா குரோட்டனுக்குத் தண்ணீர் விட்டா. பஞ்சுவுக்குத் தண்ணீர்க் குழாய் என்றால் உயிர். நான் குசினியில் பாண் தின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது அரைவாசிப் பஞ்சு சிவப்பு.

பட்டத்தாளின் சாயம் ஈரம் பட்டால் ஓடும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் அந்தத் தாளை நனைத்து உதட்டில் பூசிப் பகிடி விட்டவன் நான். தெரியும். நினைக்கவில்லை.

எல்லாப் பொட்டலத்தையும் பிய்த்து எறிந்தேன். தாடி, இடது காது, இடது பக்கம் முழுவதும். தாளைப் புதைத்தேன். ஓம், கொய்யாவுக்குக் கீழே, நாய் மாதிரி.

அக்கா வந்தாள். கொண்டுவந்த பை கையிலேயே இருந்தது. நான் வாயைத் திறந்தேன். உண்மை வரவில்லை, வேறொன்று வந்தது. "ஆரின்ரையோ பட்டம் ஒண்டு அறுந்து வந்து தொட்டித் தண்ணிக்குள்ளை விழுந்தது அக்கா. பஞ்சு அதுக்குள்ளை போய்ப் புரண்டிட்டுது."

அக்கா என்னைப் பார்த்தாள். பஞ்சுவைப் பார்த்தாள். காதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையை வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனாள். ஒரு சொல் ஏசவில்லை.

ஏசியிருக்கலாம்.

பெப்ரவரி 2, ஞாயிறு

அக்கா கோவிலுக்கு வரவில்லை. முழுக்கு இரண்டு. சிவப்பு ரோஸ் ஆகிவிட்டது. ரோஸ், ரோஸாகவே இருக்கிறது.

பெப்ரவரி 3, திங்கள்

அம்மா யோசனை: முகப்பவுடர். என் யோசனை: வெள்ளைச் சேட்டுக்குப் போடும் நீலம். என் யோசனையில் விஞ்ஞானம் இருந்தது.

அக்கா சொன்னாள்: "முடிக்கு நிறம், பவுடர், ஒண்டும் பூசக்கூடாது. புள்ளி போடுற மத்தியஸ்தர் சந்தேகப்பட்டால் வெள்ளைத் துணியாலை துடைச்சுப் பாப்பார். ஒட்டினால் வெளியாலை. ஒட்டாட்டிலும் அது ஏமாத்துத்தான். எனக்கு அப்பிடி ஒரு அறை வேண்டாம்."

"ஏமாத்து" என்ற சொல் வந்தபோது நான் கூரையைப் பார்த்தேன். ஒரு பல்லி இருந்தது. அதுவும் என்னைப் பார்த்தது.

பெப்ரவரி 5, புதன்

பீப்பா காலி. மழையும் இல்லை. சங்கக்கடைக்குப் பக்கத்தில் வடிகட்டிய குடிதண்ணீர் கொடுக்கும் இடம் இருக்கிறது. நானாகவே சைக்கிள் கரியரில் கான் கட்டிப் போய்க் கொண்டுவந்தேன். நாலு நடை. அம்மா என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தா, காய்ச்சலோ என்று.

இன்று அக்கா செய்தது: சோளமாவை வடிகட்டிய தண்ணீரில் கரைத்து, ரோஸ் உள்ள முடியில் மட்டும் தடவி, காயவிட்டு, ஒவ்வொரு இழையாக உதிர்த்து, அலசி, மறுபடி. மா சாயத்தை இழுக்குமாம். வேகமாகச் செய்தால் முடி அறும். முடி அறுந்தால் சாயம் போயும் பிரயோசனமில்லை. அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இழைகூட அறவில்லை. பஞ்சு அவள் மடியில் குறட்டை விட்டது. சாயம் பிடித்த நாய்க்கே பயமில்லை என்றால் அந்தக் கை எப்படிப்பட்ட கை!

பெப்ரவரி 7, வெள்ளி

தாடி வெள்ளை. பக்கம் பால்த்தேத்தண்ணி நிறம். காது இன்னும் ரோஸ்.

பெப்ரவரி 12, புதன்

பதினோராவது முழுக்கு. பக்கமும் வெள்ளை. இடது காதின் நுனியில் மட்டும் இரண்டு விரல் நீளத்துக்கு, பார்க்கத் தெரிந்தவருக்குத் தெரியும் ஒரு ரோஸ்.

அம்மா கத்தரிக்கோலைக் கொண்டுவந்து வைத்தா. "அந்தத் துண்டை வெட்டிவிடன் பிள்ளை."

அக்கா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், கத்தரியைக் கையில் எடுத்தாள். வெட்டினால் இரண்டு காதும் ஒரே நீளம் இராது, மற்றதையும் வெட்டவேண்டும், பிறகு பக்கத்து முடியோடு பொருந்தாது. இரண்டு வருடம்.

"இருக்கட்டும்" என்றாள். "கேட்டால் சொல்லுவம்."

என்ன சொல்லுவம்? நான் சொன்ன பட்டக் கதையையா? அறுந்த பட்டம், தொட்டித் தண்ணீர்… கொழும்பிலிருந்து வந்த மத்தியஸ்தரிடம் அக்கா அதைச் சொல்லப்போகிறாள். நம்பாவிட்டால் பொய்க்காரி. நம்பினாலும் — அவளுக்குத் தெரியாமல் — பொய்க்காரி.

இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு.

பெப்ரவரி 14, வெள்ளி

சொல்லவில்லை. நேற்றும். அக்கா நகம் வெட்டினாள், பாதத்தைச் சுற்றி வட்டமாகக் கத்தரித்தாள், கொதித்தாறின தண்ணீரில் பஞ்சு நனைத்துப் பஞ்சுவின் கண் துடைத்தாள். இப்படி ஒரு வசனம் கிடைத்த நாளிலும் சிரிப்பு வரவில்லை.

பெப்ரவரி 15, சனி

வெற்றி! வெற்றி! சின்ன நாய்களுக்குள் இரண்டாம் இடம்! முதலாவது கொழும்புப் பொமரேனியன். அதன் முகமே நரிமுகம், அதோடு யார் வழக்குப் பேசுவது?

நடந்ததைச் சரித்திரத்துக்காகப் பதிகிறேன். மைதானத்தில் கயிறு கட்டிய வட்டம். அக்கா கடும்நீலச் சுடிதார். வெள்ளை நாய் எடுப்பாகத் தெரியட்டும் என்று. தலையில் சின்னக் கொண்டை, கறுப்பு நாடா. அக்காவுக்கு அல்ல, பஞ்சுவுக்கு. வட்டம் சுற்றி நடந்தபோது காற்று அடித்தது. இரண்டு பக்கமும் முடி எழும்பி விழுந்ததைப் பார்த்து எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு ஐயா, "நாயோ, அருவியோ?" என்றார். ஓம். அப்படித்தான் இருந்தது.

மேசையில் ஏற்றினார்கள். மத்தியஸ்தருக்குத் தமிழ் தெரியாது. பஞ்சலிங்கம் டொக்டர் மொழிபெயர்ப்பு. மத்தியஸ்தர் இடது காதைத் தூக்கினார். நின்றார். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துடைத்தார். ஒன்றும் ஒட்டவில்லை. இருந்தாலும் "இது என்ன நிறம்?" என்று கேட்டார்.

அப்போதுதான் கயிற்றை ஒரே பாய்ச்சலில் தாண்டி ஓர் உருவம் வட்டத்துக்குள் வந்தது. யார்? ஜெபசீலன்! "ஐயா! குற்றவாளி நான்! பட்டத்தாளால் சுற்றியவன் நானே!" என்று, தெளிந்த ஆங்கிலத்தில், நெஞ்சை நிமிர்த்தி. மத்தியஸ்தர் என் கையைக் குலுக்கினார். மைதானமே கை தட்டியது.

(திங்கள் வகுப்பில் இப்படியே சொல்ல வேண்டும். "நெஞ்சை நிமிர்த்தி" என்ற இடத்தில் ஒரு இடைவெளி விடவேண்டும்.)

பெப்ரவரி 17, திங்கள்

சொன்னேன். இடைவெளி விட்டேன். நல்ல கைதட்டு. ஆங்கில சேர் மட்டும், "தெளிந்த ஆங்கிலத்திலையோ? நீயோ?" என்று கேட்டார்.

பெப்ரவரி 18, செவ்வாய்

மூன்று நாளாக அக்காவின் முகத்தை நேரே பார்க்கவில்லை. கழுத்து நோ என்று சொல்லியிருக்கிறேன். அம்மா நோவெண்ணெய் பூசிவிட்டா. எரிகிறது.

மார்ச் 1, சனி

கிளினிக் முன்னறை இன்று திறந்தது. அப்பா வந்து ஜெபம் செய்தார். பேதுரு மாமாவுக்குத் தானே கோல் எடுத்து, "பிள்ளை இஞ்சைதான் இருக்கிறா" என்றார். முதல் ஆள் மானிப்பாயிலிருந்து வந்த ஒரு சடை நாய். அதற்கு முகம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கவே ஐந்து நிமிடம் சென்றது. நான் பிடித்தேன், அக்கா சிக்கு எடுத்தாள்.

டொக்டர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இந்த அறையை நான் அந்த ரெண்டாம் இடத்துக்காகக் குடுக்கேல்லை, தெரியுமோ? அந்தாள் காதைப் பற்றிக் கேட்டவுடனை உம்மடை அக்கா என்ன சொன்னவ எண்டு நினைக்கிறீர்? 'தம்பி பட்டத்தாளாலை சுத்தினவன். தாள் வாங்க அனுப்பினது நான். என்ன தாள் எண்டு பாக்காமல் விட்டதும் நான். பிழை என்ரை.' நான் அதை இங்கிலீசிலை சொல்லி முடிக்கேக்கையே திறப்பு அவவுக்குத்தான் எண்டு முடிவெடுத்திட்டன்."

அவர் போன பிறகு நான் நாயின் தலையோடு கதைப்பதுபோல் அக்காவைக் கேட்டேன். "தெரியுமா உங்களுக்கு? முதலே?"

"அறுந்து விழுற பட்டம் மூண்டு விரல் அகலத்துக்கு அளந்தளந்தோ நாயைச் சுத்தும்? காதிலை வரி வரியா இருந்தது, விசரா."

"அப்ப ஏன் ஏசேல்லை?"

"ஏச எங்கை நேரம்? பதினொரு தரம் முழுக வாத்தனான்." சீப்பைத் தட்டி முடியை உதறினாள். "சுத்தினது திறமாத்தான் சுத்தினனி. ஒரு லாஸ்டிக்கும் இறுகேல்லை. தாள்தான் பிழை. உதிலை பிடி, அசையுது."

"மன்னியுங்கோ அக்கா" என்றேன். இரண்டு சொல்தான். அதைச் சொல்ல ஒரு மாதம்.

இனித் திருத்தம். பெப்ரவரி 15இல் எழுதியதில் கயிறு உண்மை. கைக்குட்டை உண்மை. கைதட்டும் உண்மை, அது அக்காவுக்கு. நான் கயிற்றைத் தாண்டவில்லை. மத்தியஸ்தர் நிறத்தைப் பற்றிக் கேட்டதும் ஓடிப்போய் ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் நின்றேன், அக்கா என் பொய்யைச் சொல்வது கேட்கக்கூடாது என்று இரண்டு காதுக்குள்ளும் விரலை விட்டுக்கொண்டு. ஐஸ்கிரீம்காரர் என் தோளைத் தட்டி, "தம்பி, எல்லாரும் கை தட்டீனம், உமக்கு என்ன காதுக்குத்தோ?" என்று கேட்டபோதுதான் விரலை எடுத்தேன்.